ஆண்டுக்கு நாலு மணி நேரம்

டெக்சாஸ் மாநிலத்தில் கிணறு துளையிடும் உரிமம் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் கட்டினால் மட்டும் ஆகாது; நாலு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்ததற்குச் சான்றும் வேண்டும். அந்த நாலில் ஒரு மணி நேரம் சட்டத்துக்கும் விதிகளுக்கும் போயாக வேண்டும். கிணற்றில் மோட்டார் இறக்குகிறவர்களுக்கு அங்கே தனி உரிமம். அவர்களுக்கும் இதே கணக்குதான்.

அப்படிப்பட்ட வகுப்புகள் சிலவற்றில் பாடம் எடுக்கிறவன் நான். நிலத்தடி நீர் ஆய்வு என் தொழில். ஆஸ்டினுக்கு மேற்கே ‘ஹில் கன்ட்ரி’ என்று சொல்லப்படும் சுண்ணாம்புக்கல் குன்றுப் பகுதியில் வேலை. சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். இந்தியா முழுக்கச் சுற்றும் போர்வெல் வண்டிகளில் பெரும்பங்கு எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா ஒரு ரிக் வண்டியில் மேனேஜர். மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று வருஷத்தில் பாதி நாள் வெளியூரிலேயே இருப்பார். மாமாவுக்குச் சொந்த வண்டி உண்டு, இன்றும் ஓடுகிறது. கம்ப்ரசர் சத்தம் எனக்குக் கல்லூரியில் அறிமுகமானதல்ல.

வகுப்பு நடக்கும் மண்டபத்தில் பின்வரிசைதான் முதலில் நிரம்பும். தொப்பியைக் கழற்றாமல், கையில் காபிக் கோப்பையோடு, காலை நீட்டி உட்காருவார்கள். ஒரு விரல் பாதியோடு நின்றுபோன கைகள் சிலவற்றை அங்கே பார்க்கலாம்; தொழில் அப்படி. மூன்று தலைமுறையாக இதையே செய்யும் குடும்பங்கள் உண்டு. “நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் துளை போடுகிறேன்” என்று தொடங்கும் பெரியவர் ஒருவராவது எந்த வகுப்பிலும் இருப்பார். உண்மைதான். துளை போடுவதில் அவருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. துளையிடும் பிட் பாறையில் இறங்கும் சத்தத்தைக் கேட்டே எந்த அடுக்கில் போகிறது என்று சொல்லிவிடுகிறவர்கள் அவர்கள். உரிமம் வாங்கவே ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும், அதற்கு மேல் தேர்வும் எழுத வேண்டும். வேலை தெரியாதவர் அந்த அறைக்கு வருவதே அபூர்வம்.

பிறகு எதற்கு வகுப்பு?

அமெரிக்காவில் சுமார் 4.3 கோடிப் பேர் சொந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒருவர். நகராட்சிக் குழாய்த் தண்ணீருக்கு அங்கே 1974-இல் வந்த பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் இருக்கிறது. இன்னின்ன பொருள் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது, இத்தனை நாளைக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று நாட்டுக்கே பொதுவான வரம்புகள். ஒரு வீட்டுக்காரர் தன் தோட்டத்தில் போட்டுக்கொண்ட கிணற்றுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும்படி வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த பெரும்பாலான இடங்களில் யாருமில்லை. பெரும்பாலோர் தண்ணீர் நாற்றமடித்தால்தான் சோதிக்கிறார்கள். நாற்றமில்லாத ஆர்சனிக்கையும் நைட்ரேட்டையும் யார் கேட்கிறார்கள்?

அதோடு, கிணறு முடிந்ததும் மண்ணுக்குள் மறைந்துபோகும் பொருள். கட்டிய சுவரில் கோணல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். முந்நூறு அடி ஆழத்தில், துளைக்குள் இறக்கிய கேசிங் குழாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத் துளை போட்டவர் மட்டுமே அறிவார். அவருக்குப் பிறகு பார்க்க வருகிற ஆய்வாளர் என்று அநேகமாக யாரும் கிடையாது. எனவே அவர் தலைக்குள் இருப்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. அந்தத் தலைக்குள் இருப்பது பழசாகிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த நாலு மணி நேரம்.

நான் அதிக நேரம் செலவிடுவது கேசிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பற்றித்தான். நம்மூரில் இதை யாரும் பேசுவதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

துளை எப்போதும் கேசிங் குழாயைவிட அகலமாகத்தான் இருக்கும். டெக்சாஸ் விதிப்படி குழாயின் வெளிவிட்டத்தைவிடத் துளையின் விட்டம் குறைந்தது 3 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படியென்றால் குழாயைச் சுற்றி ஒன்றரை அங்குல வெற்றிடம். அதை அப்படியே விட்டால், அல்லது துளையிலிருந்து வந்த மண்ணையே தள்ளி மூடினால், மழைத் தண்ணீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி நேராகக் கீழே இறங்கும். மாட்டுச் சாணம், கழிவுநீர்த் தொட்டியின் கசிவு, தோட்டத்துக்கு அடித்த மருந்து எல்லாம் அதோடு இறங்கும். மண் அடுக்குகள் வழியாக மெல்ல வடிகட்டப்பட்டுப் போக வேண்டிய நீருக்கு நாமே ஒரு குறுக்குவழி போட்டுக் கொடுத்ததாகிவிடும். அதனால் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 10 அடி ஆழம் வரை அந்த இடைவெளியை சிமென்டாலோ பென்டோனைட் களிமண்ணாலோ அடைக்க வேண்டும் என்பது மாநில விதி. மேலே குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 அடி அகலத்துக்கு, 4 அங்குல கனத்தில், வெளிப்பக்கமாகச் சரியும் கான்கிரீட் மேடை. கழிவுநீர்த் தொட்டியிலிருந்து 50 அடி, அந்தக் கழிவுநீர் மண்ணில் ஊறும் இடத்திலிருந்து 100 அடி, மாட்டுப்பட்டி கோழிப்பட்டி போன்றவற்றிலிருந்து 150 அடி தள்ளித்தான் கிணறு.

விதி எளிது. செய்வதில்தான் கோளாறு வருகிறது. பென்டோனைட் தண்ணீர் பட்டதும் ஊறவைத்த ஜவ்வரிசி போல உப்பிக்கொள்ளும் களிமண்; உப்பிய பிறகு தண்ணீரை விடாது. அதன் சிறப்பே அதுதான், தொல்லையும் அதுதான். மேலேயிருந்து மூட்டையைக் கவிழ்த்து வேகமாகக் கொட்டினால் பாதி வழியில் ஈரம் பட்டு உப்பி அந்தரத்தில் அடைத்துக்கொள்ளும். மேலே நிறைந்துவிட்டதாகத் தெரியும், கீழே வெற்றிடம். எத்தனை மூட்டை போயிற்று என்று எண்ணினால்தான் பிடிபடும். இடைவெளியின் கொள்ளளவுக்கு இத்தனை மூட்டை போக வேண்டும், அதில் பாதிகூடப் போகவில்லையே என்று. சிமென்ட் கரைசலானால் ஒரு சின்னக் குழாயை அடிவரை விட்டு, கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு வர வேண்டும். தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிக் கரைத்தால் பம்பு சுலபமாக இழுக்கும், ஆனால் காய்ந்ததும் சுருங்கி விரிசல் விடும். பெரியவர்கள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். தங்கள் அனுபவத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். என் பாடத்தைவிட அது உபயோகமானது.

ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மழை பெய்து மறுநாளே குழாயில் தண்ணீர் கலங்கி வருகிறதாம். கிணற்றுக்குள் கேமரா இறக்கிப் பார்த்தோம். குழாயில் விரிசல் இல்லை. மேலே கான்கிரீட் மேடையும் ஒழுங்காக இருந்தது. மேடையை உடைத்துத் தோண்டினால் இரண்டடிக்குக் கீழே களிமண்ணே இல்லை. துளையிட்ட நிறுவனத்தின் அறிக்கையில் 10 அடி என்று எழுதியிருந்தது. பொய் எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. மேலே நிறைந்ததைப் பார்த்துவிட்டு 10 என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. பெயர் சொல்லாமல் இந்தக் கதையை வகுப்பில் சொல்வேன். மூட்டைக் கணக்கு ஏன் எழுத வேண்டும் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஹில் கன்ட்ரிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே நல்ல தண்ணீர் இருப்பது டிரினிட்டி என்னும் நீர்த்தாங்கியின் நடு அடுக்கில். அதற்கு மேலே கிளென் ரோஸ் என்ற சுண்ணாம்புக்கல் தொகுதியின் மேற்பகுதி. அதில் ஜிப்சம் கலந்த படுகைகள் இருக்கின்றன. அவற்றைத் தொட்டு வரும் தண்ணீரில் சல்பேட் மிகுதி. குடித்தால் வயிறு போகும், வாயிலும் வைக்க முடியாது. துளை இரண்டையும் கடந்துதான் போக வேண்டும். மேலே உள்ள கெட்ட அடுக்கைக் கேசிங் போட்டு, சிமென்டால் இறுக்கி அடைக்காவிட்டால் கெட்ட நீர் கிணற்றின் வழியாகவே இறங்கி நல்ல அடுக்கில் கலக்கும். கெடுவது ஒருவர் கிணறு மட்டுமல்ல. சுற்றுவட்டாரத்தில் அதே அடுக்கில் குடிப்பவர்கள் எல்லோரின் தண்ணீரும். எந்த அடியில் அந்தப் படுகை வரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதை முன்கூட்டியே அறிய நல்ல வழி, பக்கத்தில் முன்பு துளையிட்டவர் எழுதி வைத்த குறிப்பு.

அந்தக் குறிப்புதான் அங்கே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கிணறு முடிந்து 60 நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். எந்த அடியிலிருந்து எந்த அடி வரை என்ன மண், என்ன கல், எங்கே தண்ணீர் தட்டியது, கேசிங் எவ்வளவு, சிமென்ட் எத்தனை மூட்டை, கிணறு இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அதில். மாநில நீர்வள வாரியத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். அறிக்கையை அனுப்பாமல் விட்டால் அபராதம். சட்ட மணி நேரத்தில் பேசப்படுவதில் கணிசமான பகுதி இந்த அறிக்கைகள்தான். “வெள்ளைக் கல், கொஞ்சம் மஞ்சள்” என்று எழுதி அனுப்புகிறவர்களோடு எனக்கு நிரந்தரச் சண்டை.

விதிகள் ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று பல ஆண்டுகள் இருந்தது. 2006-லிருந்து அது 10. முப்பது வருட அனுபவம் உள்ளவர் மனத்தில் பழைய எண்ணே நின்றிருக்கக்கூடும். சட்டம் தனிக் கிணற்றைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், “இந்தத் தண்ணீர் குடிக்கலாமா?” என்று வீட்டுக்காரர் முதலில் கேட்பது துளை போட்டவரைத்தானே. குடிநீர்க் குழாய்ச் சாமான்களில் ஈயம் 8 விழுக்காடு வரை இருந்தாலும் ‘ஈயமற்றது’ என்று விற்கலாம் என்றிருந்தது. 2014 ஜனவரியிலிருந்து தண்ணீர் படும் பாகங்களில் சராசரியாக 0.25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. பட்டறையில் கிடக்கும் பழைய பித்தளைச் சாமானை எடுத்து மாட்டுகிற பம்புக்காரருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

பாறைத்தூள் விஷயம் எனக்கு நெருக்கமானது. தண்ணீர் தட்டும் வரை துளையிலிருந்து வெண்புகையாகத் தூள் கிளம்பும். திருச்செங்கோட்டு வண்டியில் வேலை பார்த்த யாருக்கும் அது தெரியும். கருங்கல் தூளில் சிலிக்கா அதிகம். நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. எங்கள் பக்கத்தில் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வதுதான் பாதுகாப்பு. நுரையீரலைத் துண்டு காக்காது. நோய் தரும் தூள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்மையானது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 2016-இல் புது விதி கொண்டுவந்தது. எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா கூடாது. வண்டியில் பொருத்திய துளையிடும் எந்திரங்களுக்கென்று தனியாகவே வழிமுறை உண்டு. பிட்டைச் சுற்றி உறை போட்டுத் தூளை உறிஞ்சி எடுத்து, வெளியே விழும் இடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடிய கேபினுக்குள் உட்கார்ந்து, பிட்டில் தண்ணீர் விட்டு ஓட்ட வேண்டும். சில வகுப்புகளில் பெரியவர்கள் இருமிக்கொண்டே இதைக் கேட்பார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். நாலு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கடைசியில் தேர்வு இல்லை. தூங்குகிறவர் தூங்கலாம். இணையத்தில் எடுப்பவர் ஒரு பக்கம் பாடத்தை ஓடவிட்டு மறுபக்கம் பேஸ்பால் பார்ப்பார். பம்பு நிறுவனத்து ஆள் ‘தொழில்நுட்ப உரை’ என்ற பெயரில் தன் சரக்கை விற்றுவிட்டுப் போவதும் நடக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் ஒழுங்கும் வேறு. வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு ஆண்டு உரிமக் காலத்துக்குள் 14 தொடர்கல்வி அலகுகள் சேர்க்க வேண்டும். கலிபோர்னியாவில் கிணற்றுக்காரருக்கு நாலு ஆண்டு வேலை அனுபவமும் தேர்வும் கட்டாயம். உரிமம் கைக்கு வந்த பிறகு தொடர்கல்வி என்று ஒன்றுமே கிடையாது. டெக்சாஸில் இந்த உரிமத்தைக் கொடுப்பதும் முடிதிருத்துவோருக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் கொடுக்கிற அதே துறைதான். 1997-இல் சுற்றுச்சூழல் துறையிலிருந்து அதன் கைக்கு மாறியது. நாலு மணி நேரம் போதுமா என்றால் போதாது என்பேன். அதற்காக நாற்பது மணி நேரமாக்கினால் இந்த மனிதர்கள் வரமாட்டார்கள்; வராதவர்கள் உரிமமில்லாமல் தொழில் செய்வார்கள்.

டெக்சாஸில் ஒரு விசித்திரமும் உண்டு. எவ்வளவு இறைக்கலாம் என்பதில் அந்த மாநிலம் தாராளம். டெனிசன் நகரில் ஒரு ரயில்வே நிறுவனம் பெரிய கிணறு வெட்டியதால் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றிப்போன வழக்கில், தன் நிலத்துக்கடியில் உள்ள நீரை நிலத்துக்காரர் இறைத்துக்கொள்ளலாம், நஷ்டஈடு இல்லை என்று 1904-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றுவரை அடிப்படைச் சட்டம் அதுதான். 1951 முதல் உருவான வட்டார நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மாவட்டங்கள் அங்கங்கே அதற்குக் கடிவாளம் போட்டிருக்கின்றன. இறைப்பதில் இவ்வளவு தாராளம் காட்டும் ஊரில்கூட, கெடுப்பதில் தாராளம் கிடையாது.

கைவிட்ட கிணறுகளைப் பற்றிய பகுதி வரும்போது அறையில் யாரும் பேசமாட்டார்கள். 1987 அக்டோபரில் டெக்சாஸின் மிட்லண்ட் நகரில் 18 மாதக் குழந்தை ஒன்று வீட்டின் பின்புறம் 8 அங்குல அகலக் கிணற்றுக் குழாய்க்குள் விழுந்து, 22 அடி ஆழத்தில் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் இணையாக ஒரு துளை இறக்கி, பாறையைக் குடைந்து, 58 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு எடுத்தார்கள். அமெரிக்காவே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. என் வகுப்புக்கு வருபவர்களில் நடுவயதுக்காரர்கள் அதைச் சிறுவயதில் பார்த்தவர்கள். அங்கே இன்றுள்ள சட்டப்படி ஆறு மாதம் தொடர்ந்து பயன்படாத கிணறு கைவிட்ட கிணறு. அதன் நிலைமை தெரியவந்த 180 நாளுக்குள் நிலத்துக்காரர் அதை அடைக்க வேண்டும் அல்லது மூடி போட வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டால் நிலத்துக்காரருக்கு எடுத்துச் சொல்வது துளையிடுபவரின் கடமை.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை கைவிட்ட போரில் விழுந்தது உங்களுக்குத் தெரியும். அந்தத் தீபாவளி யாருக்கும் தீபாவளியாக இல்லை. அங்கேயும் இணையாகத் துளை போடத்தான் முயன்றார்கள், கடினப்பாறை விடவில்லை. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

இந்தியாவில் விதி இல்லாமலில்லை. உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. போர் போடுவதற்கு 15 நாள் முன்பு அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். துளையிடும் நிறுவனங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகையும் முள்வேலியும் வேண்டும். கேசிங்கைச் சுற்றி அரை மீட்டர் நீள அகலத்தில், தரைக்கு மேலே 30 சென்டிமீட்டரும் கீழே 30 சென்டிமீட்டருமாகக் கான்கிரீட் மேடை கட்ட வேண்டும். இரும்புத் தகட்டை வெல்டு செய்தோ வலுவான மூடியைத் திருகியோ குழாயின் வாயை மூட வேண்டும். கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். தமிழ்நாடு அரசும் ஊராட்சிகளுக்கென்று 2015-இல் கிணறு வெட்டுதல், பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. அனுமதி, பதிவு எல்லாம் அதில் உண்டு. ஆனால் நெம்புகோலைப் பிடிக்கிறவனுக்கு இதில் எதுவெல்லாம் தெரியும் என்று யாரும் சோதிப்பதில்லை. பதிவு தொழிலுக்கு, தொழில் தெரிந்த கைக்கு அல்ல.

மாமாவிடம் போனில் இதைப் பற்றிப் பேசினேன்.

“ஏன் மாப்ளே, அத்தன வருசமாப் போர் போட்டவங்களக் கூப்புட்டு உக்கார வெச்சு நீ என்னத்தச் சொல்லிக் குடுக்கறே?”

“கேசிங்கச் சுத்தி சிமென்ட் ஊத்தறதப் பத்திச் சொல்றனுங் மாமா.”

“இங்க ஊத்துனா அந்தக் காச யாரு குடுப்பா? பார்ட்டி அடி என்ன ரேட்டுன்னுதான் கேக்கறான். நான் சிமென்டச் சேத்துச் சொன்னா, ஏஜென்டு பக்கத்து வண்டியக் கூட்டிட்டுப் போயிருவான்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சிமென்ட் ஊற்ற வேண்டும் என்று அவருக்கு மட்டும் தெரிந்தால் அவருக்கு நஷ்டம். எல்லோருக்கும் கட்டாயமானால், யாருக்கும் நஷ்டமில்லை. எல்லாருடைய ரேட்டிலும் அது சேர்ந்துவிடும். டெக்சாஸ்காரர்கள் இந்த வகுப்பைத் திட்டிக்கொண்டே வந்து உட்காருவதன் காரணமும் அதுதான். உரிமமில்லாமல் குறைந்த காசுக்குப் போட்டுவிட்டுப் போகிறவனைப் பிடித்தீர்களா, எத்தனை பேருக்கு அபராதம் போட்டீர்கள் என்று துறை அதிகாரியை அவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு விதி சுமையல்ல, வேலிதான் என்பது அந்தக் கேள்விகளில் தெரியும்.

கருங்கல் பூமியில் நமக்கு இதெல்லாம் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. மண் இருக்கும் வரை கேசிங் இறக்கி, பாறையில் உட்காரவைத்துவிட்டால் போதும் என்பது நம் வழக்கம். உட்காரும் இடத்தில் பாறை மக்கியிருந்தால், மேல்மண்ணின் சாக்கடை நீர் அந்த விளிம்பு வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. நகரங்களில் கழிவுநீர்த் தொட்டியும் போரும் பத்தடிக்குள் இருக்கும் மனைகள் எத்தனையோ. இடைவெளியை அடைக்கும் வேலை நமக்குத்தான் அவர்களைவிட அவசரம். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு வேறு. எந்த ஆழத்துத் தண்ணீரில் அது அதிகம் என்று ஊர்வாரியாகத் தெரிய வேண்டுமானால், போட்ட போர்களைப் பற்றிய குறிப்பு வேண்டும். எங்கள் வீட்டு போர் பில்லில் மொத்த அடி, கேசிங் அடி, தொகை மூன்றும்தான் இருக்கின்றன. தண்ணீர் எந்த அடியில் தட்டியது என்பது அம்மாவின் நினைவில் இருக்கிறது.

நாலு மணி நேரம் நமக்கும் கிடைக்காமல் போகாது. மழைக்காலத்தில் வண்டிகள் பட்டறையில் நிற்கும். ஆட்களும் சும்மா இருப்பார்கள். ராய்ப்பூரில் மத்திய அரசின் நிலத்தடி நீர்ப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பாடம் எழுத ஆள் தேட வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் சொன்னதையும் 2015 விதிகளையும் அரை மணியில் சொல்லிவிடலாம். கேசிங் விளிம்பை அடைப்பதைப் பட்டறையிலேயே ஒரு கண்ணாடிக் குழாயில் செய்து காட்டினால் பேச்சு குறையும். தூளுக்கும், ராடு தூக்கும்போது மேலே போகும் மின்கம்பிக்கும் ஒரு மணி. ஒரு போருக்கு ஒரு பக்கம் குறிப்பு எழுதுவது எப்படி என்பதற்கு மீதி. வண்டி உரிமையாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் பயனில்லை, பிட் மாட்டுகிற கைகளைக் கூப்பிட வேண்டும். அந்தக் கைகளில் பல ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவை. திருச்செங்கோட்டில் நடக்கும் அந்த வகுப்பை இந்தியில்தான் எடுக்க வேண்டியிருக்கும்.